குடும்பக் குழுவில் வந்த அந்த வீடியோ: பதில் சொல்வதா, பேசாமல் இருப்பதா?

யீஷூன் அம்மா

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு இழை தொடங்குறேன்.

எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல 43 பேர் இருக்கோம். சிங்கப்பூர், ஜோகூர், தஞ்சாவூர், கொழும்புன்னு சொந்தம் பரந்து கிடக்கு. போன வியாழக்கிழமை ராத்திரி பெரியப்பா ஒரு வீடியோ அனுப்பினார். எரியுற கடைங்க, ஓடுற ஜனம், ஒரு பொம்பள தலையில கை வெச்சுக்கிட்டு நடுரோட்டுல உக்காந்திருக்கா. கீழே, "இவங்க புத்தியே இதுதான். நாளைக்கு இங்கேயும் செய்வாங்க. நல்ல தமிழனா இருந்தா பத்துப் பேருக்கு அனுப்பு."

எந்தச் சமூகத்தைச் சொன்னார்னு இங்க எழுத மாட்டேன். எழுதினா நானும் அதை ஒரு தடவை அனுப்பின மாதிரி ஆயிடும்.

அது எந்த ஊரு, எந்த வருஷம்னு யாருக்கும் தெரியல. கடைப் பலகையில இருந்த எழுத்து எனக்குத் தெரிஞ்ச எந்த மொழியும் இல்ல. ஆனா அரை மணி நேரத்துல பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க.

இங்க சிங்கப்பூர்ல எங்க எதிர்வீட்டுக் குடும்பம் அந்தச் சமூகம்தான். அவங்க பையனும் என் பையனும் தொடக்கநிலை நாலு, ஒரே வகுப்பு. ஜூலையில இன நல்லிணக்க நாளுக்கு ரெண்டு பேரும் அவங்கவங்க உடுப்புல ஒண்ணாத்தான் மின்தூக்கியில இறங்கிப் போனாங்க. சாயங்காலம் ஆனா அவன் செருப்பு எங்க வாசல்ல கிடக்கும், தோசை சாப்பிடாம போக மாட்டான். நான் அந்த வீடியோவைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப பின்னாடி வந்து நின்னு, "ஆண்ட்டி, என்ன பாக்குறீங்க?"ன்னு கேட்டான். போனைக் கவுத்து வெச்சுட்டேன். அவன் முகத்தைப் பாக்க முடியல.

"பெரியவர்கிட்ட வாதாடாத, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க"ங்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பல. நான் என்ன செய்யணும்?

தேக்கா வாசி

முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. அப்புறம் குழுவை விட்டு வெளியே வந்துடுங்க.

இது சின்ன விஷயம் இல்ல. மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990லயே வந்தாச்சு, 2019ல அதைத் திருத்தினாங்க. இன, மத வெறுப்பைக் கிளப்புற மாதிரி ஒண்ணு பரவினா போலீஸ் விசாரிக்கும். அனுப்பினவர் வயசானவர், தெரியாம செஞ்சார்ங்கிறதெல்லாம் அப்புறம்தான். நீங்க அந்தக் குழுவுலயே இருக்க வேண்டாம்.

பழைய கம்பத்தான்

மகளே, தம்பி சொல்வதில் சட்டம் சரி. ஆனால் வெளியேறிவிடு என்று நான் சொல்லமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு 72 வயது. 1964இல் பதினொன்று. கேலாங் சிராய் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், குடியிருந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், எல்லாருக்கும் ஒரே கிணறு. சுற்றிலும் மலாய்க்காரர் வீடுகள். தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். முனையில் ஒரு சீனத் தௌக்கேயின் (முதலாளியின்) மளிகைக் கடை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், சம்பள நாள் வரை தௌக்கே கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி அரிசி கொடுப்பார்.

அந்த வருடம் ஜூலை 21, செவ்வாய்க்கிழமை. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் பக்கம் வந்தது. சாயங்காலம் காலாங்கில் அடிதடி தொடங்கியது. அதற்கு முன்பே பல மாதங்களாக மேடைகளிலும் பத்திரிகைகளிலும் மலாய்க்காரர்களையும் சீனர்களையும் பிரித்துப் பேசிப் பேசிக் காயவைத்த விறகு அது. இரவு ஒன்பதரைக்கு ஊரடங்கு. அந்த ஜூலைக் கலவரத்தில் மட்டும் 23 பேர் செத்தார்கள், 454 பேர் காயப்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் கிளம்பி இன்னும் 13 பேர். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட எண்கள். அன்று எனக்குத் தெரிந்தது ஓர் இரவும் ஒரு கிணறும்தான்.

இரவு தௌக்கேயின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் முக்காலியை எடுத்துவந்து எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்தார். விளக்கில்லை, அவருடைய சுருட்டின் நெருப்பு மட்டும் தெரிந்தது. வேறு கம்பத்திலிருந்து நாலைந்து இளைஞர்கள் வந்தார்கள். உள்ளே யார் என்று கேட்டார்கள். "என் ஆட்கள்" என்றார். அவ்வளவுதான். அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. சீனர் கலந்தார்கள் என்றது ஒரு வாய், இல்லை என்று வேறு பெயரைச் சொன்னது இன்னொரு வாய். யார் பார்த்தது என்று கேட்டால் "யாரோ சொன்னாங்க". அம்மா குடத்துத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டாள். ஊரடங்கு, வெளியே போகமுடியாது, ஜூலை வெயில். என் தங்கை தண்ணீர் தண்ணீர் என்று அழுதது இன்றும் காதில் இருக்கிறது. ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியபோது பாக்சிக் கிணற்றடிக்குப் போனார். வாளியைப் போட்டு இறைத்தார். எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் குடம் எடுத்து வந்தார்கள்.

அப்பாவோடு வேலை செய்த ஒரு மலாய்க்காரர் அதே இரண்டு நாளும் சைனாடவுனில் ஒரு சீனர் வீட்டு மேல்மாடியில் ஒளிந்திருந்தார். அதையும் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும்.

பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பெரியவர்கள் சேர்ந்து வீடு வீடாக வந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. மூவரும் ஒரே வாசலில் சேர்ந்து நின்றது நினைவிருக்கிறது.

மகளே, உன் குழுவும் ஒரு கிணறுதான். அதில் 43 பேர் தண்ணீர் எடுக்கிறார்கள். நீ வெளியேறினால் யார் அள்ளிக் குடித்துக் காட்டுவது?

வடமராட்சியான்

ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். கண் கலங்கினது உண்மை. ஆனாலும் ஒண்டு சொல்லவேணும்.

"தேசிய ஒற்றுமை" எண்ட சொல்லைக் கேட்டால் எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள் கனபேருக்கு நெஞ்சு இறுகும். எங்களுக்கு அதை எப்பவும் அடிக்கிற கைதான் சொன்னது. 1956இல சிங்களம் மட்டும் சட்டம். 1958இல கலவரம். 1981இல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவை, 97,000 நூல்கள் சாம்பல். 1983 ஜூலையில கொழும்பில வாக்காளர் பட்டியலைக் கையில வைச்சுக்கொண்டு வீடு வீடா வந்தவை. ஆள் ஆர் எண்டு பாக்க வாளிக்குச் சிங்களச் சொல்லான "பால்திய"வைச் சொல்லச் சொல்லுவினம். நாக்குப் புரண்டு "வால்திய" எண்டு வந்தால் தமிழன். ஐயாவின்ர பாக்சிக்கும் வாளியைத்தான் எடுத்தவர். எங்கட ஊரில அதே வாளியின்ர பேரைச் சொல்லத் தெரியாமல் சனம் செத்தது.

எங்கட அம்மாவையும் என்னையும் வெள்ளவத்தையில மூண்டு நாள் ஒளிச்சு வைச்சதும் ஒரு சிங்களக் குடும்பம்தான். அந்த வீட்டு அம்மா இப்ப இல்லை. ஒவ்வொரு வருசமும் ஜூலையில நான் அவவுக்கும் சேர்த்துத்தான் விளக்குக் கொளுத்திறனான்.

ஆனால் நல்ல அயலவர் மட்டும் போதாது எண்டதுதான் என்ர கதை. இன்னொண்டையும் யோசிச்சுப் பாருங்கோ. "இனம், மொழி, மதம்" எண்டு இஞ்ச சிங்கப்பூரில பள்ளிப் பிள்ளையள் சொல்லுற பற்றுறுதியை, அதுதான் தேசிய உறுதிமொழியை, 1966இல வரைஞ்சவர் அமைச்சர் எஸ். ராஜரத்தினம். அவர் 1915இல பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில. அதே வட்டுக்கோட்டையிலதான் 1976 மே 14 அண்டு தமிழருக்குத் தனிநாடு வேணுமெண்டு தீர்மானம் நிறைவேத்தினவை. ஒரே ஊரின்ர பேர் ரெண்டு தாளில இருக்கு. ஒண்டு சேர்ந்து வாழுவம் எண்டது, மற்றது இனிச் சேர்ந்து வாழ ஏலாது எண்டது.

நடுவில பத்தே வருசம். மண் ஒண்டுதான், சனமும் ஒண்டுதான். வித்தியாசம் எங்க எண்டால், சிங்கப்பூர் 1965இல தனிநாடாகேக்க நூறில ஏழெட்டுப் பேர்தான் இந்தியர் எண்டாலும் தமிழை நாலு ஆட்சிமொழியில ஒண்டா வைச்சது. அடுத்த வருசமே சிறுபான்மையினரின்ர உரிமையை எப்பிடிக் காக்கிறதெண்டு பாக்கத் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில ஒரு ஆணையம் போட்டது. இலங்கையில தமிழ் ஆட்சிமொழியானது 1987இல. போர் தொடங்கி நாலு வருசத்துக்குப் பிறகு. எத்தினை ஆயிரம் பேர் செத்தாப் பிறகு.

தங்கச்சி, பெரியப்பாவோட கதையுங்கோ. ஆனால் "எல்லாரும் ஒண்டு, பழசை மறவுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கொழும்புச் சொந்தக்காரரும் அந்தக் குழுவில இருக்கினம் எண்டியள். மறக்கச் சொன்னால் அவைக்கு அது இன்னொரு அடி.

சோனகத் தெரு மகள்

வடமராட்சி அண்ணை, நீங்க எழுதினதில ஒரு வரியும் பிழையில்லை. ஆனால் 1956, 58, 81, 83 எண்டு வந்து அங்கயே நிண்டுட்டீங்க. 1990ஐ விட்டுட்டீங்க.

நான் யாழ்ப்பாணச் சோனகத் தெருவில பிறந்தவள். வீட்டில தமிழ்தான், பள்ளியிலயும் தமிழ்தான், கனவு காணுறதும் தமிழில. அந்த வருசம் ஒக்டோபர் 30 அண்டைக்கு எனக்கு ஒம்பது வயசு. மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. ரெண்டு மணி நேரத்தில ஊரை விட்டுப் போகச் சொன்னாங்க புலிகள். உம்மா அடுப்பில பால் வைச்சிருந்தா. அதை இறக்கினாவா இல்லையா எண்டு கடைசி வரைக்கும் அவவுக்கு ஞாபகம் வரேல்லை. வடக்கில அஞ்சு மாவட்டத்திலயுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை அந்த மாசத்தில வெளியேத்தினாங்க. நாங்க புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள வளர்ந்தம்.

எங்கட வீட்டுத் திறப்பை, சாவியை, உம்மா பக்கத்து வீட்டு அக்காவிட்டக் குடுத்துட்டு வந்தவ. அவங்க இந்து. 2002இல யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை திறந்தாப் பிறகு நாங்க போனம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. அந்த அக்கா உள்ளுக்குப் போய் அரிசி அளக்கிற ஒரு சுண்டுப் பேணியைக் கொண்டுவந்தா. அரிசிக்குள்ள இருந்துது திறப்பு. பன்ரெண்டு வருசம், எத்தினை இடப்பெயர்வு, அவவும் எத்தினை தரம் ஓடியிருப்பா. ஓடின இடமெல்லாம் எங்கட திறப்பையும் கொண்டு ஓடியிருக்கிறா.

"தமிழர் எங்களைத் துரத்தினாங்க" எண்டு சொல்லுறது லேசு. புத்தளத்தில கனபேர் அப்பிடித்தான் சொன்னாங்க. உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "துவக்கு (துப்பாக்கி) வைச்சிருந்தவங்க துரத்தினாங்க" எண்டுதான் சொல்லுவா. நாங்க பிள்ளையள் ஆரும் மாத்திச் சொன்னால் திருத்துவா. செய்தவனை அவன்ர பேரால சொல்லு, அவன்ர அயலானையும் சேர்த்துச் சொல்லாதே எண்டுவா.

யீஷூன் தங்கச்சி, உங்கட பெரியப்பாவிட்ட இதைத்தான் கேளுங்கோ. அந்தக் கடையை எரிச்சது ஆர்? பேர் என்ன? பேர் தெரியாட்டி, ஏன் ஒரு முழுச் சமூகத்தின்ர பேரைப் போட்டீங்க?

வடமராட்சியான்

தங்கச்சி, வேணுமெண்டு விடேல்லை. ஆனால் விட்டது விட்டதுதான். எத்தினையோ மேடையில இந்தப் பட்டியலைச் சொல்லியிருக்கிறன், ஒருநாளும் 1990 என்ர வாயில வந்ததில்லை. எங்களுக்கு நடந்ததைப் பற்றிக் கதைக்கேக்க நாங்கள் மற்றவைக்குச் செய்ததும் அதே மூச்சில வரவேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தத் திறப்பு இப்ப எங்க?

சோனகத் தெரு மகள்

என்னட்டத்தான் அண்ணை. இங்க சிங்கப்பூரில, தெம்பனிஸ் வீட்டில, சாமி அறை மாதிரி நாங்க குர்ஆன் வைச்சிருக்கிற அலுமாரியில.

தேக்கா வாசி

முதல்ல நான் எழுதின "வெளியே வந்துடுங்க"வைத் திரும்ப எடுத்துக்குறேன். ஐயா சொன்ன கிணறு என்னை யோசிக்க வெச்சுருச்சு.

ஆனா ஒண்ணு. சிங்கப்பூர்ல எல்லாம் முடிஞ்சுபோன கதைன்னு யாரும் நெனைக்க வேண்டாம். நான் வாடகைக்கு வீடு தேடினப்ப போன்ல நல்லாத்தான் பேசினாங்க, பேரைக் கேட்டதும் "வீட்டுக்காரர் இந்தியருக்குத் தரமாட்டார்"னாங்க. அப்படி ஒண்ணு இல்ல, நாலு. 1989லேர்ந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள்ல, ஒவ்வொரு இனத்துக்கும் இவ்வளவு வீடுன்னு வரம்பு வெக்குற இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கு. அதனாலதான் யீஷூன் அம்மாவோட பையனுக்கு எதிர்வீட்டுல அந்த நண்பன் கிடைச்சான், அதை நான் மதிக்கிறேன். அதே கொள்கையால வீட்டை விக்க முடியாம, விலையைக் குறைச்ச இந்தியக் குடும்பங்களும் இருக்கு. 2022லதான் அப்படிச் சிக்கினவங்க வீட்டைக் கழகமே வாங்கிக்க வழி பண்ணாங்க. வலியை வெளிப்படையாச் சொன்னதாலதான் அது நடந்துச்சு.

இன்னொண்ணும் மனசை அரிக்குது. லெபனான்ல 1975ல உள்நாட்டுப் போர் வந்தப்ப அடையாள அட்டையில மதப் பிரிவு போட்டிருந்துச்சு. சோதனைச் சாவடியில அட்டையைப் பாத்தே ஆளைக் கொன்னாங்க. 1989 தாயிஃப் உடன்பாட்டுல அதை அட்டையிலேர்ந்து எடுக்கணும்னு எழுத வேண்டியதாச்சு. நம்ம அட்டையிலயும் இனம் இருக்கு. இங்க அது ஆளைக் கொல்லல, ஏன்னா அட்டையைக் கேக்குறவன் கையில துப்பாக்கியோட தெருவுல நிக்கல. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு தலைமுறையும் காப்பாத்தியாகணும். அது தானா நிக்காது.

துவாஸ் தம்பி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கப்பல் பட்டறையில வேலை, விடுதியில தங்கியிருக்கேன். ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. தமிழ்நாடு, ஆந்திரா, பங்களாதேஷ்.

ஒரு நாள் ராத்திரி பங்களாதேஷ்ல கலவரம், இன்ன ஊர்ல இன்ன மதத்துக்காரங்களை வெட்டுறாங்கன்னு எங்க ஊர்க் குழுவுல ஒண்ணு வந்துச்சு. எங்க ரூம்ல நாலு பேரு கொதிச்சுட்டாங்க. எனக்குக் கீழ்க் கட்டில்ல படுக்குற பங்களாதேஷ் அண்ணன் அந்த ஊரேதான். யாரும் அவர்கிட்ட பேசல, சட்டியை நகர்த்தி வெச்சுட்டாங்க. நான்தான் போனைக் காட்டிக் கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம வீட்டுக்கு வீடியோ கால் போட்டாரு. தம்பியைத் தெருவுக்குப் போகச் சொன்னாரு. தெருவுல டீக்கடை திறந்திருந்துச்சு, ஒருத்தர் டீ ஆத்திக்கிட்டு இருந்தாரு, நாய் ஒண்ணு படுத்திருந்துச்சு. பன்னெண்டு பேரும் அந்த டீ ஆத்துறதையே பாத்துக்கிட்டு நின்னோம். எல்லாச் சேதியும் பொய்யின்னு சொல்லலைங்க, நெசமாவே நடக்குற ஊரும் இருக்கு. அன்னைக்கு அந்த ஊர்ல நடக்கல.

இன்னொண்ணு, அக்கா அண்ணன்லாம் மன்னிக்கணும். மதத்தை விடுங்க, நம்ம தமிழாளுங்களே புதுசா ஒருத்தன் ரூமுக்கு வந்தா "எந்த ஊரு, எந்தத் தெரு"ன்னுதான் கேக்குறாங்க. எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நான் என் தெருப் பேரைச் சொல்ல மூணு மாசம் பயந்தேன்.

பழைய கம்பத்தான்

துவாஸ் தம்பி, இனி யாராவது எந்தத் தெரு என்று கேட்டால் சிங்கப்பூரில் ஒரு கிழவர் தன் தெருதான் என் தெரு என்று சொன்னார் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு இருந்தால் வீட்டுக்குச் சாப்பிட வா. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

யீஷூன் அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்லிடுறேன்.

குழுவுல எழுதறதுக்கு முன்னாடி பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். பெரியவரை 43 பேர் முன்னால நிறுத்தக் கூடாதுன்னு தோணுச்சு. "வீடியோ யார் அனுப்பினா பெரியப்பா?"ன்னேன். கூட நடக்கப் போற நண்பராம். எங்க எடுத்ததுன்னு கேட்டேன். தெரியலைன்னார். எரிச்சது யாருன்னு கேட்டேன். கொஞ்சம் கோவம் வந்துடுச்சு, "அதான் எல்லாருக்கும் தெரியுமே"ன்னார்.

"பெரியப்பா, போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு பசங்களுக்கும் காசு குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு பையன் உங்க காலைத் தொட்டுக் கும்பிடத் தெரியாம உங்க கையை எடுத்துத் தன் நெத்தியில வெச்சுக்கிட்டானே?"

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்தப் பிள்ளையை நான் சொல்லலம்மா."

"அவனையும் சேத்துத்தான் அதுல எழுதியிருக்கு பெரியப்பா."

போனை வெச்சுட்டார். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. மறுநாள் காலையில குழுவுல அவர் பேருக்குக் கீழ தட்டச்சு செய்யறார்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. அவருக்கு ஒரு விரல்ல ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தான் அடிக்கத் தெரியும். கால் மணி நேரம் ஆச்சு. கடைசியில வந்தது இதுதான்: "நான் அனுப்பிய வீடியோ எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அனுப்பியது தவறு. யாரும் மேலே அனுப்ப வேண்டாம்."

ரெண்டு பேர் குழுவை விட்டுப் போயிட்டாங்க. கொழும்பு அண்ணன் ஒருத்தர், "அப்ப எங்களுக்கு நடந்ததைப் பேசவே கூடாதா?"ன்னு சூடா எழுதினார். வடமராட்சி அண்ணனும் சோனகத் தெரு அக்காவும் சொன்னதைத்தான் என் வார்த்தையில எழுதினேன். பேசுங்கண்ணே, நாங்க கேக்குறோம், செஞ்சவங்க பேரைச் சொல்லிப் பேசுங்க, எதிர்வீட்டுப் பையன் பேரை அதுல சேக்காதீங்கன்னு. அவர் பதில் போடல. ஆனா குழுவுலயேதான் இருக்கார்.

கட்டைவிரல் தூக்கின பதினேழு பேர்ல அதை வேற குழுவுக்கு அனுப்பினது யார் யார்னு விசாரிச்சேன். இதுவரைக்கும் ஆறு பேர் ஒத்துக்கிட்டாங்க. நாலு பேர் அங்கேயும் போய் பெரியப்பா எழுதினதை அப்படியே போட்டுட்டாங்க. மிச்சப் பேருக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணணும். இன்னைக்குச் சமையல் முடிச்சுட்டு ஜோகூர் சித்திக்கு.